ஆறு வயதில் வரும் ஆறாவது பல்

பிள்ளைக்கு முதற்பல் அரும்பியதும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடுகின்ற சமூகம் நாங்கள். தேங்காய்ச் சொட்டுகளைப் பற்களாகப் பதித்த கொழுக்கட்டைகளைப் பிள்ளையின் தலையிற் சொரிவதும், ஏடு, பேனை, நகை என்று முன்னாற் பரப்பி வைத்துப் பிள்ளை எதைத் தொடுகின்றது என்று பார்த்து மகிழ்வதும் யாழ்ப்பாணத்து வீடுகளோடு நின்றுவிடவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் மண்டபம் எடுத்து நடத்தப்படுகின்ற விழாக்களாகிவிட்டன. ஆறேழு ஆண்டுகள் கழித்து அந்தப் பல் ஆடி விழும்போதும் ஒரு சடங்கு உண்டு. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து, அணிலிடம் புதுப்பல் கேட்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வழக்கம். ஓட்டுக்கூரை இல்லாத மாடிக் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகள் தலையணைக்குக் கீழே பல்லை வைத்துவிட்டுக் காலையிற் காசு தேடுகின்றார்கள்.

முதற்பல் முளைப்பதற்கும் அது விழுவதற்கும் இவ்வளவு மரியாதை செய்கின்ற நாங்கள், மனிதனுக்கு ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டிய பல் ஒன்று வந்து சேர்கின்றபோது அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அது வந்ததே பல வீடுகளில் தெரிவதில்லை. தெரியவருகின்ற நாள், பெரும்பாலும் அது சொத்தையாகி வலிக்கின்ற நாளாகத்தான் இருக்கின்றது. ஆறு வயதளவில் முளைக்கின்ற முதலாவது நிலையான கடைவாய்ப்பல்லைப் பற்றித்தான் சொல்கின்றேன். நான் வைத்தியனல்லன், செய்தியாளன். ஆயினும் ஒரு சிறிய தகவல் உரிய நேரத்தில் உரிய வீட்டுக்குப் போய்ச் சேராததால் நேர்கின்ற இழப்பைப் பற்றி எழுதுவது செய்தியாளனுக்கும் உரிய வேலைதான்.

முதலில் அந்தப் பல்லை இனங்காண்போம். பாற்பற்கள் மொத்தம் 20. மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் பக்கத்துக்கு ஐந்து. வாயின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டு போனால் முன்பற்கள் இரண்டு, வேட்டைப்பல் ஒன்று, பாற்கடைவாய்ப்பற்கள் இரண்டு என்று ஐந்தோடு கணக்கு முடிந்துவிடும். உங்கள் பிள்ளையின் வாயில் அவ்வாறு எண்ணும்போது ஆறாவதாக ஒரு பல் இருந்தால், அது பாற்பல் அன்று. அதுதான் நிலையான கடைவாய்ப்பல். ஆறு வயதில் வரும் ஆறாவது பல் என்று நினைவில் வைத்துக்கொண்டாற் போதுமானது. பல் வைத்தியர்கள் தங்கள் குறிப்பேடுகளில் இப்பல்லை ஆறு என்ற இலக்கத்தாலேயே குறிக்கின்றார்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என இவை நான்கு. பெரும்பாலும் கீழ்த்தாடைப் பற்கள் முந்திக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு ஐந்தரை வயதிலும், சிலருக்கு ஏழு வயதிலும் இவை முளைப்பது இயல்பே.

இந்தப் பல் எங்கள் கண்ணுக்குத் தப்புவதற்கு ஒரு காரணம் இருக்கின்றது. நிலையான முன்பற்கள், பாற்பல் ஆடி விழுந்து, குருதி கசிந்து, பிள்ளை அழுது, ஊர் அறிய வருகின்றன. ஆறாவது பல்லோ எந்தப் பல்லையும் விழுத்தாமல், வரிசையின் கடைசியில் வெறுமையாகக் கிடந்த முரசைத் திறந்துகொண்டு ஓசையின்றி வருகின்றது. விழுந்து முளைப்பதுதான் நிலையான பல் என்று பழகிப்போன பெற்றோருக்கு, எதுவும் விழாமல் முளைத்த பல் இன்னுமொரு பாற்பல்லாகத்தான் தோன்றும். பாற்பல் என்று நினைத்தபின் அடுத்த நினைப்பு தானாகவே வருகின்றது: பூச்சி விழுந்தாலும் என்ன, எப்படியும் விழுந்து முளைக்கும்தானே!

கொழும்பிலே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தாயும் தந்தையும் படித்தவர்கள், நல்ல பதவிகளில் இருப்பவர்கள். அவர்களுடைய மகளுக்குப் பத்து வயதாயிருந்தபோது கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டிவந்தது. பிள்ளை பல இரவுகள் நித்திரையின்றி அழுதிருக்கின்றாள். பிடுங்கியபின் தாய் வைத்தியரிடம், "இது திரும்ப முளைக்க எவ்வளவு காலம் செல்லும், டொக்டர்?" என்று கேட்டிருக்கின்றார். இனி முளைக்காது என்ற பதிலைக் கேட்டபின் அவர் அழுத அழுகையைப் பற்றிப் பின்னர் அந்தத் தந்தை எனக்குச் சொன்னார். மகளுடைய பரீட்சைப் புள்ளிகளை முதலாந்தரம் தொட்டே மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அவளுடைய வாயில் எத்தனை நிலையான பற்கள் இருக்கின்றன என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தாயைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் பலர்; பத்திரிகைகளில் எழுதுகின்ற எங்களைப் போன்றவர்களும் அதில் அடக்கம்.

இந்தப் பல்லை உலகம் எப்போதும் இப்படி அலட்சியம் செய்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது சட்டத்துக்கே சாட்சி சொன்னது. 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், புடைவை ஆலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கமர்த்துவதைத் தடைசெய்தது. ஆனால் பிறப்புப் பதிவு அங்கே நாடளாவிய முறையாக 1837இலேதான் ஆரம்பமானது. பத்திரமில்லாத ஏழைப்பிள்ளையின் வயதை எவ்வாறு அறிவது? எட்வின் சோண்டர்ஸ் என்ற பல் வைத்தியர், பற்களே வயதின் அளவுகோல் என்று வாதிட்டு அதே 1837இல் ஒரு நூலை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் தொம்சன் என்ற மருத்துவ அறிஞர், நிலையான முதற் கடைவாய்ப்பல் முளைத்திராத பிள்ளை ஏழு வயதைத் தாண்டியிருக்க முடியாது என்று எழுதியிருந்தார். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை குற்றவாளியாக முடியாது என்பது அக்காலத்து ஆங்கிலச் சட்டம். ஆகவே, இப்பல்லின் வரவு ஒரு பிள்ளையின் தலைவிதியையே தீர்மானிக்கத்தக்க சான்றாகக் கருதப்பட்டது. பத்திரமில்லாமல் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்கின்ற அகதி இளைஞர்களின் வயதை அறிய ஞானப்பல்லை எக்ஸ்றே எடுத்துப் பார்க்கின்ற வழக்கம் சில நாடுகளில் இன்றும் இருக்கின்றது. அடுத்தவர்கள் எங்கள் பற்களை எண்ணுகின்றார்கள். நாங்கள்தான் எண்ணுவதில்லை.

இனி, இப்பல் ஏன் இவ்வளவு விரைவிற் கெடுகின்றது என்று பார்ப்போம். இதன் எனாமல் உருவாகத் தொடங்குவது பிள்ளை பிறக்கின்ற காலத்தை அண்டியே ஆகும். மூன்று வயதளவில் பல்லின் முடிப்பகுதி முரசுக்குள் உருவாகி முடிந்துவிடும். ஆறு வயதில் வெளிப்பட்டாலும், வேர் முற்றுப்பெற ஒன்பது பத்து வயதாகும். வெளியில் வந்த புதிதில் எனாமல் முழுமையாக இறுகியிராது. உமிழ்நீரிலுள்ள கனிமங்களை ஏற்று அது முதிர்வதற்குக் காலம் வேண்டும். இதற்கிடையில், அரைக்கின்ற மேற்பரப்பிலே ஆழமான பள்ளங்களும் வெடிப்புகள் போன்ற கோடுகளும் இருக்கின்றன. அவற்றுட் சில, பற்தூரிகையின் ஒரு தும்பு கூட நுழைய முடியாத அளவுக்கு ஒடுக்கமானவை. முரசைத் துளைத்துத் தலைகாட்டிய நாளிலிருந்து எதிர்ப்பல்லோடு பொருந்தி அரைக்கத் தொடங்கும்வரை ஏறத்தாழ ஓராண்டு செல்லலாம். அந்த ஓராண்டுக் காலமும் பல் பக்கத்துப் பாற்பல்லைவிடத் தாழ்ந்து கிடக்கும். நேராக முன்னும் பின்னும் தேய்க்கின்ற தூரிகை உயரமான பாற்பல்லிலேயே ஓடிவிட்டுத் திரும்பிவிடும். தூரிகைக்கு எட்டாத பள்ளத்தில் பிஸ்கட் மாவும் சீனியும் தங்கிவிடுகின்றன. ஆறு வயதில் வந்த பல் எட்டு வயதில் கறுக்கின்ற கதை இதுதான்.

பிள்ளை இக்காலத்தில் என்ன உணர்கின்றது என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கடைவாயில் ஒரு தினவு, ஒரு கனம், மெல்லும்போது ஒரு நோவு, அவ்வளவுதான். ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிடுதல், கன்னத்தை அடிக்கடி தடவுதல், விரலை வாய்க்குள் வைத்தல், இறைச்சியையும் முறுகலான உணவையும் ஒதுக்குதல் என்பன அறிகுறிகள். பாதி முளைத்த பல்லின்மேல் முரசு ஒரு மூடிபோலக் கிடக்கும். அதன் அடியில் உணவு அடைபட்டால் முரசு சிவந்து வீங்கும், வாய் மணக்கும். வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பேதிமருந்து தேடுவதற்கு முன்னர், ஒரு கைவிளக்கை எடுத்துக் கடைவாயைப் பார்ப்பது புத்தி.

பார்த்து, விடயம் இதுதான் என்று தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியவை எளியவை. கொப்பளித்துத் துப்பத் தெரிந்த பிள்ளைக்கு இளஞ்சூடான நீரில் உப்பிட்டுக் கொடுக்கலாம். இடியப்பம், குழைசாதம், தயிர் போன்ற மென்மையானவற்றைச் சில நாட்களுக்குக் கொடுக்கலாம். குளிர்ந்த துணியைக் கன்னத்தில் ஒற்றலாம். நோவு கூடினால் பிள்ளையின் எடைக்கேற்ற அளவிலே பரசிட்டமோல் போதுமானது. அஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது. அதை நோகின்ற முரசில் வைத்து அடக்குவது வாயைப் புண்ணாக்கிவிடும். கராம்பு எண்ணெய் எங்கள் வீடுகளில் கைகண்ட மருந்துதான். ஆயினும் அதைச் செறிவாகப் பிள்ளையின் முரசில் தடவினால் எரிகாயம் உண்டாகும்; விழுங்கினால் நஞ்சு. காய்ச்சலைப் பல் முளைக்கின்ற காய்ச்சல் என்று சொல்லி விட்டுவிடவும் கூடாது. பல் முளைப்பதால் கடுங்காய்ச்சல் வருவதில்லை. கன்னம் வீங்கினாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ, சீழ் தெரிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதே வயதில் கீழ்வரிசை முன்பற்கள் விழாமல் நிற்க, அவற்றின் பின்னால் நாக்குப் பக்கமாகப் புதுப்பற்கள் முளைத்து இரட்டை வரிசை தோன்றுவதும் உண்டு. தாய்மார் இதைக் கண்டு கலங்குவார்கள். பெரும்பாலும் பாற்பல் ஆடி விழுந்ததும் நாக்கின் தள்ளுதலால் புதுப்பல் முன்னுக்கு வந்துவிடும். இந்தப் பரபரப்பில் பின்னால் அமைதியாக வருகின்ற ஆறாவது பல் மறக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதையும் சொல்ல வேண்டியிருக்கின்றது.

என்னுடைய பிரதான கருத்துக்கு இப்போது வருகின்றேன். பிள்ளை பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் பல் தீட்டுகின்ற பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். "அவன் இப்ப பெரிய பிள்ளை, தானே தீட்டுவான்" என்று பெருமையோடு சொல்கின்றோம். அந்தப் பெருமை பொருத்தமற்ற காலத்தில் வருகின்றது. ஆறு வயதுப் பிள்ளையின் கைக்குக் கடைவாயின் மூலைமுடுக்கெல்லாம் போய்வருகின்ற லாகவம் இல்லை. எழுத்தைப் பிடித்து எழுதவே தடுமாறுகின்ற விரல்கள் அவை. ஏழு எட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் தீட்டிவிட வேண்டும், அல்லது பிள்ளை தீட்டியபின் தாம் ஒருமுறை தீட்டிவிட வேண்டும் என்பதே பல் வைத்தியர்களின் அறிவுரை. வாழ்நாள் முழுவதற்குமான பல் வருகின்ற அதே மாதங்களில், நாங்கள் கையை எடுத்துவிடுகின்றோம். சோறு தீத்திவிடுவதற்குப் பத்து வயதுப் பிள்ளையின் பின்னாலும் ஓடுகின்ற தாய்மார் எங்கள் சமூகத்தில் குறைவில்லை. தீத்துவதை ஆறு வயதில் நிறுத்திவிட்டு, தீட்டிவிடுவதை எட்டு வயதுவரை தொடர்ந்தால் பிள்ளைக்கு இரட்டை நன்மை.

தீட்டுகின்ற விதமும் கொஞ்சம் மாற வேண்டும். பிள்ளையின் பின்னால் நின்று தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகையைக் கன்னப்பக்கத்தாற் குறுக்காக நுழைத்து, தாழ்ந்து கிடக்கின்ற புதுப்பல்லின் மேல் தனியாகத் தேய்க்க வேண்டும். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகித் தூரிகைக்கு இடம் விடாது; அரைவாசி மூடியபடி இருந்தாற் கை இலகுவாகப் போகும். நான்கு மூலைகளுக்கும் பத்துப் பத்து விநாடி செலவிட்டாலும் ஒரு நிமிடம் ஆகாது. முரசு நோகின்ற நாட்களில் பிள்ளை அந்த இடத்தைத் தொடவிடாது. மென்மையான தும்புள்ள சிறிய தூரிகையால் மெதுவாகவேனும் துப்புரவு செய்ய வேண்டிய நாட்கள் அவைதான். அழுக்கு நீங்கினால் நோவும் தணியும். காலையில் ஒருமுறை, இரவு படுக்கைக்குப் போகுமுன் ஒருமுறை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியுமென்றால் இரவையே தெரிவு செய்யுங்கள். நித்திரையில் உமிழ்நீர் குறைந்துவிடுவதாற் பல்லுக்குக் காவல் இல்லாத நேரம் அது.

பற்பசையைப் பற்றிப் பல வாதங்கள் உண்டு. புளோரைட்டு நஞ்சு என்றும், எங்கள் பாட்டன்மார் உமிக்கரியாலும் வேப்பங்குச்சியாலும் தீட்டி எண்பது வயதுவரை கரும்பு கடித்தார்கள் என்றும் மின்னஞ்சல்களிலும் இப்போது கைப்பேசிக் குழுக்களிலும் செய்திகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எண்பது வயதிற் கரும்பு கடித்த பாட்டனைப் பற்றிக் கேட்டிருக்கின்றோம். ஆனால் அதே வீட்டின் திண்ணையில் ஒரு பாக்குரலும் இருந்ததே, அது யாருக்காக? பல்லில்லாத பாட்டிமார் பாக்கை இடித்துப் போடுவதற்காக அல்லவா? பல்லோடு இருந்தவர்கள் கதையாகின்றார்கள். பல்லிழந்தவர்கள் கணக்கில் வருவதில்லை. பாட்டன்மார் காலத்துப் பிள்ளைகள் நாளுக்கு ஐந்து தடவை பிஸ்கட்டும் இனிப்புப் பானமும் உட்கொள்ளவில்லை என்பதும் நினைவிலிருக்க வேண்டும். உமிக்கரியும் செங்கற்தூளும் எனாமலைத் தேய்த்துவிடக்கூடியவை. இன்னும் இறுகாத புதுப்பல்லுக்கு அவை ஏற்றவையல்ல.

புளோரைட்டு அளவுக்கு மிஞ்சினாற் கேடு என்பது உண்மை. அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர்வலய மாவட்டங்களின் நிலத்தடி நீரில் அது கூடுதலாக இருப்பதனாற் பற்களிற் கறை படிவதை நாங்கள் கண்கூடாகக் காண்கின்றோம். ஆனால் அந்தக் கறை, பல் முரசுக்குள் உருவாகின்ற வயதிலே விழுங்கப்படுகின்ற புளோரைட்டால் வருவது. ஆறாவது பல்லின் முடிப்பகுதி உருவாகி முடிவது மூன்று வயதளவில் என்று மேலே குறிப்பிட்டேன். பற்பசையிலுள்ள புளோரைட்டு வெளியில் வந்த பல்லின் மேற்பரப்பில் வேலை செய்து, அமிலத்தால் இழக்கப்பட்ட கனிமத்தை மீட்கின்றது. 1000 பிபிஎம் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட புளோரைட்டுள்ள பற்பசையில் ஒரு பட்டாணி அளவு போதுமானது. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். துப்பியபின் வாயைத் தண்ணீரால் அலசிக் கழுவ வேண்டாம். அலசினால் மருந்தும் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் புளோரைட்டுப் பற்பசையைத் தன்னுடைய அத்தியாவசிய மருந்துகளின் மாதிரிப் பட்டியலிலேயே சேர்த்திருக்கின்றது. மருந்து என்று சேர்க்கப்பட்டதை நஞ்சு என்று ஒதுக்குவதற்கு முன்னர் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

சீனியைப் பற்றிச் சொல்லாமல் பல்லைப் பற்றிச் சொல்வது அரைகுறை. எவ்வளவு சாப்பிடுகின்றது என்பதோடு, எத்தனை தடவை சாப்பிடுகின்றது என்பதும் முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாயிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன. உமிழ்நீர் அதைச் சமன்செய்ய அரை மணித்தியாலம் வரை எடுக்கும். அந்த இடைவெளியில்லாமல் கொறித்துக்கொண்டிருக்கின்ற பிள்ளையின் பல் நாள் முழுவதும் அமிலத்தில் ஊறுகின்றது. பாடசாலை விட்டு வந்ததும் சீனி போட்ட தேநீரும் பிஸ்கட்டும், ரியூசனுக்குப் போகும் வழியில் ஒரு பொதி இனிப்பு, படுக்கும்போது சீனி போட்ட பால் என்று அன்பின் பெயரால் நாங்கள் கொடுப்பவற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். இலங்கையில் 2016ஆம் ஆண்டு தொடக்கம் இனிப்புப் பானப் போத்தல்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்ட வேண்டுமென்பது சட்டம். நிறத்தைப் பார்த்து வாங்குகின்ற பழக்கம் இன்னும் வளர வேண்டியிருக்கின்றது.

இவற்றையெல்லாம் விடச் சிறந்த ஒரு காப்பு உண்டு. புதுப்பல்லின் பள்ளங்களைப் பிசின் போன்ற ஒரு பொருளால் அடைத்துவிடுவதே அது. துளைப்பது இல்லை, ஊசி இல்லை, நோவும் இல்லை. சில நிமிட வேலை. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் இதன் பலனை வெளியிட்டார்கள். இவ்வாறு அடைக்கப்படாத பாடசாலைப் பிள்ளைகளுக்கு, அடைக்கப்பட்ட பிள்ளைகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக முதற் கடைவாய்ப்பற்களிற் சொத்தை உண்டாகின்றது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2016இல் அறிவித்தது. பல் முழுமையாக வெளிவந்து உலர்த்தக்கூடிய நிலைக்கு வந்ததும் இதைச் செய்விப்பது உசிதம். ஆகவே ஆறு வயதில் ஒரு தடவை பல் வைத்தியரைக் கண்டு, எப்போது செய்யலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கு அஞ்ச வேண்டிய நிலை எல்லா இடங்களிலும் இல்லை. இலங்கையில் அரச வைத்தியசாலைகளிலும் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களிலும் பிள்ளைகளுக்குச் சிகிச்சை இலவசம். நியூசிலாந்து 1921இல் தொடங்கிய பாடசாலைப் பற்சேவையை முன்மாதிரியாகக் கொண்டு 1950களில் இங்கே கட்டியெழுப்பப்பட்ட சேவை அது. மகரகமையிற் பயிற்சி பெற்ற பற்சிகிச்சையாளர்கள் நாட்டின் பல பாகங்களிலும் பணியாற்றுகின்றார்கள். பிரித்தானியாவில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தேசிய சுகாதார சேவையின் பற்சிகிச்சை இலவசம். ஜேர்மனியில் 6 வயதிலிருந்து 17 வயதுவரை கடைவாய்ப்பல் அடைப்புக்குச் சட்டபூர்வக் காப்புறுதி பணம் செலுத்துகின்றது. நோர்வேயிற் பிள்ளைகளுக்கான பொதுப் பற்சேவை இலவசமே. சுவிற்சர்லாந்திலோ அடிப்படைக் காப்புறுதி சாதாரணப் பற்சிகிச்சையை உள்ளடக்குவதில்லை என்பதால், அங்கு வாழும் எம்மவர்கள் வருமுன் காப்பதிற் கூடுதல் அக்கறை காட்டுவது அவர்களுடைய பணப்பைக்கும் நல்லது.

சில பிள்ளைகளுக்கு இப்பல் முளைக்கும்போதே வெள்ளை, மஞ்சள் அல்லது கபிலத் திட்டுகளோடும் உதிர்கின்ற எனாமலோடும் வருவதுண்டு. குளிர்ந்த நீர் பட்டாலும் தூரிகை பட்டாலும் பிள்ளை துள்ளும். துலக்காததால் வந்த அழுக்கு என்று பிள்ளையை ஏசுவது பெரும் அநியாயம். எனாமல் உருவாகின்ற காலத்திலேயே நேர்ந்த குறைபாடு அது. 2001இல் இதற்கென ஒரு தனிப்பெயரே வைக்கப்பட்டது. இத்தகைய பற்களை நேரகாலத்தோடு வைத்தியரிடம் காட்ட வேண்டும். காப்பாற்ற முடியாத பல்லாயின் எட்டு முதல் பத்து வயதுக்கிடையில் திட்டமிட்டு அகற்றினால், பின்னால் வரும் பன்னிரண்டு வயதுக் கடைவாய்ப்பல் அந்த இடத்துக்கு நகர்ந்து வரும் வாய்ப்பு உண்டு. காலம் தப்பினால் அந்தப் பல் சரிந்து விழும், எதிர்ப்பல் இறங்கும், முழு வரிசையும் குழம்பும். இதேபோல, ஆறாவது பல்லுக்கு முன்னால் நிற்கின்ற பாற்கடைவாய்ப்பல்லைப் பாற்பல்தானே என்று அவசரப்பட்டுப் பிடுங்குவிக்கவும் கூடாது. அது பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டிய பல். அது போனால் புதுப்பல் முன்னுக்கு நகர்ந்து, பிந்தி வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வைத்தியரிடம் கூட்டிப்போவதிலும் எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கின்றது. "குழப்படி செய்தால் பல் டொக்டரிட்டக் கொண்டுபோய் ஊசி போடுவிப்பன்" என்று வெருட்டி வளர்த்த பிள்ளை, நோவு வந்தபின் அந்தக் கதிரையில் எவ்வாறு வாயைத் திறக்கும்? நோவில்லாத காலத்தில், எண்ணிப் பார்ப்பதற்காக மட்டும் முதற் பயணம் அமைய வேண்டும். போகுமுன் பிள்ளைக்குப் பொய் சொல்லவும் வேண்டாம், பெரிதாக விளக்கவும் வேண்டாம். உனக்குப் பெரியவர்களின் பல் ஒன்று வந்திருக்கின்றது, அதைக் காட்டிவிட்டு வருவோம் என்றாற் போதும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் பல் என்பதைவிடப் பெருமை வேறென்ன இருக்கின்றது? அந்தப் பெருமையையே காவலாக்கலாம்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்தும், பின்னர் 2009வரை வன்னியிலும் மக்கள் ஓடிய ஓட்டங்களில் ஆறு வயதுப் பிள்ளைகளும் ஓடினார்கள். கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடுகின்ற தாயிடம் பற்தூரிகையை எடுத்தாயா என்று எவரும் கேட்க முடியாது. அந்த வயதில் வந்த பற்களைக் காக்க வாய்ப்பில்லாது போன அந்தப் பிள்ளைகளிற் பலர் இன்று தாமே தாய் தந்தையர். அவர்களிடம் இல்லாதிருந்த ஓய்வும் தண்ணீரும் வெளிச்சமும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு இப்போது இருக்கின்றன. போரும் இடப்பெயர்வும் பறித்தவற்றுக்கு யாரிடம் முறையிடுவது என்பது வேறு கதை. இருக்கின்ற காலத்தில், கையெட்டும் தூரத்தில் உள்ளதைக் கைவிடுவதற்கு நாங்கள் எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

தரம் ஒன்றில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது கொடுக்கப்படுகின்ற பொருட்களின் பட்டியலோடு, உங்கள் பிள்ளைக்கு இந்த ஆண்டு அல்லது அடுத்த ஆண்டு நான்கு நிலையான பற்கள் முளைக்கும் என்று ஒரு வரியை அதிபர்கள் அச்சிட்டுக் கொடுக்கலாம். வெளிநாடுகளில் வார இறுதித் தமிழ்ப்பாடசாலை நடத்துபவர்களும் இதைச் செய்யலாம். செலவில்லாத காரியம். விழா விரும்பிகள் விரும்பினால் ஆறாவது பல்லுக்கும் ஒரு கொழுக்கட்டை அவிக்கட்டும். சீனியைக் குறைத்துக்கொண்டாற் சரி. ஐந்து வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவு அது படுக்கைக்குப் போகுமுன் கைப்பேசி வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். நடுவிலிருந்து எண்ணுங்கள். ஆறு வந்தால், தூரிகையை நீங்கள் கையில் எடுங்கள்.